தெளிவான நீலம்

மரப்பெட்டியைத் திறந்ததும் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். வெள்ளைக் கிண்ணம் ஆறு, கறுப்புக் கிண்ணம் ஒன்று, உலோகக் கரண்டி இரண்டு, கண்ணாடிக் குச்சிகள், சொட்டுக்குழாய், மருந்துப் புட்டி. ஒன்று குறைந்தாலும் சோதனை செல்லாது. குறிப்பு எழுதி மேலே அனுப்ப வேண்டும். ஓய்வு பெற்று இத்தனை வருஷம் கழித்தும் இந்த வரிசை எனக்கு மறக்கவில்லை. பேரப்பிள்ளைகளின் பெயரைத்தான் மாற்றி மாற்றிக் கூப்பிடுகிறேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் உத்திரமேரூர்ப் பக்கம் நான் ஹெல்த் இன்ஸ்பெக்டர். குடிதண்ணீர்க் கிணறுகளில் எவ்வளவு பிளீச்சிங் பவுடர் போட வேண்டும் என்று கண்டுபிடிப்பது அந்தப் பெட்டியின் வேலை. பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போவது என் வேலை. கறுப்புக் கிண்ணத்தில் ஒரு கரண்டி பவுடரைக் கரைத்துத் தெளிய விட வேண்டும். வெள்ளைக் கிண்ணங்கள் ஆறிலும் கிணற்றுத் தண்ணீரை ஊற்ற வேண்டும். முதல் கிண்ணத்தில் அந்தத் தெளிவிலிருந்து ஒரு சொட்டு, இரண்டாவதில் இரண்டு, இப்படியே ஆறாவதில் ஆறு. பிறகு அரை மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். அதற்குள் தண்ணீரில் உள்ள அழுக்கும் கிருமியும் தங்கள் பங்குக்குப் பவுடரை எடுத்துக்கொள்ளும். அதன் பின் எல்லாக் கிண்ணத்திலும் புட்டியிலிருந்து மூன்று சொட்டு மருந்து விட்டால், எதில் பவுடர் மிச்சம் இருக்கிறதோ அது நீலமாகும். வரிசையில் முதலாவதாகத் தெளிவான நீலம் காட்டும் கிண்ணம் எத்தனையாவதோ, நூறு காலன் தண்ணீருக்கு அத்தனை கரண்டி. கிணற்றை அளந்து கணக்குப் போட்டு, கரைசலை வாளியில் இறக்கிக் கலக்கிவிட்டால் முடிந்தது.

காஞ்சிபுரத்தில் வேதியியல் படித்தவன் நான். அந்தச் சோதனை எனக்குப் பிடித்துப்போயிற்று. எங்கள் உத்திரமேரூரில் சபைக்கு யார் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது என்பதையெல்லாம் கோயில் சுவரில் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். நடைமுறையை மதிக்கும் ஊர். அதிலும் என் குடும்பம் கோயில் மடைப்பள்ளியில் பரம்பரையாக வேலை பார்த்தது. எதை எப்போது எந்தக் கையால் செய்ய வேண்டும் என்பதில் எங்கள் வீட்டில் கேள்வி கிடையாது. அங்கிருந்து வந்தவனுக்கு, யார் செய்தாலும் ஒரே விடை தருகிற சோதனை பெரிய விடுதலையாக இருந்தது. கிண்ணத்துக்குக் குலமும் தெரியாது கோத்திரமும் தெரியாது என்று நண்பர்களிடம் சொல்லிக்கொள்வேன். கிண்ணத்துக்குத் தெரியாது என்பது உண்மைதான்.

கையேட்டில் எல்லாவற்றுக்கும் அளவு உண்டு. கரண்டியைத் தலைதட்டி எடுக்க வேண்டும் என்பது வரை எழுதியிருக்கும். ‘தெளிவான நீலம்’ என்பதற்கு மட்டும் அளவு இல்லை. உண்மைக் கிணறுகளில் இரண்டாவது கிண்ணம் வெறும் தண்ணீராகவும் மூன்றாவது அவுரிச் சாயமாகவும் வந்து நிற்பதில்லை. நீலம் போட்ட வேட்டியைப் பல தடவை அலசிய பிறகு ஒரு நிறம் மிஞ்சுமே, மூன்றாவது கிண்ணம் அப்படி இருக்கும். வெயிலுக்கு முதுகைக் காட்டிப் பார்த்தால் நீலம். முகத்தைக் காட்டிப் பார்த்தால் ஒன்றுமில்லை. நான்காவது சந்தேகமில்லாத நீலமாக இருக்கும். மூன்றா நான்கா என்று ஓர் ஆள் முடிவு செய்ய வேண்டும். பெட்டியைத் திறந்ததும் எண்ணிப் பார்க்க வேண்டிய சாமான்களின் பட்டியலில் அந்த ஆள் கிடையாது.

சாலவாக்கம் போகும் சாலையிலிருந்து பிரிந்து உள்ளே போனால் ஒரு கிராமம். பெருமாள் கோயில் தெருவில் ஒரு கிணறு. வயலைத் தாண்டி, கூலி வேலை செய்பவர்கள் இருந்த காலனியில் ஒரு கிணறு. ஒரு பங்குனியில் பக்கத்து ஊரில் வாந்திபேதி கண்டது. இரண்டு கிணற்றுக்கும் தினமும் பவுடர் மருந்து போட உத்தரவு வந்தது. எனக்குத் துணையாக ஒரு மஸ்தூர் இருந்தார். மூட்டை தூக்குவது, வாளி இறக்குவது, கலக்குவது எல்லாம் அவர்.

இரண்டு கிணற்றிலும் கிண்ணங்கள் ஒரே மாதிரிதான் வந்தன. மூன்றாவது மங்கல், நான்காவது தெளிவு. முதல் நாள் இரண்டுக்கும் நாலு கரண்டிக் கணக்கில் போட்டேன்.

மறுநாள் காலை கோயில் பட்டர் தெருமுனையில் காத்திருந்தார். எங்களுக்குத் தூரத்து உறவு, என் அப்பா வயது.

“என்னடாப்பா பண்ணித் தொலைச்சே? திருமஞ்சனத் தீர்த்தத்துல ஆஸ்பத்திரி வாடை அடிக்கறது.”

“காலரா மாமா. கொஞ்ச நாளைக்குப் பொறுத்துக்கணும்.”

“நான் பொறுத்துப்பேன். பெருமாள் பொறுத்துக்கணுமோல்லியோ? நீ குடிச்சுப் பாரு மொதல்ல.”

செம்பிலிருந்து என் கையில் ஊற்றினார். குடித்தேன். வாடை இருந்தது. எங்கள் பதிவேட்டில் எட்டாவது கட்டம் இதற்காகவே இருந்தது: ‘சுவை, மணம்’. மருந்து போட்டு ஒரு மணி நேரம் கழித்து, சோதிப்பவர் தாமே குடித்துப் பார்த்து அதை நிரப்ப வேண்டும். குடிக்க முடியாதபடி இருந்தால் அளவை மறுபடி பார்க்கலாம் என்று கையேடே சொல்கிறது. அன்று கிண்ணங்களை மறுபடி பார்த்தேன். வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்றேன். மூன்றாவது கிண்ணமே தெளிவான நீலமாகப் பட்டது. இது பொய் இல்லை. அப்படித்தான் பட்டது.

வயலைத் தாண்டிப் போய்க் காலனியில் அதே மங்கல் நீலத்தைப் பார்த்தபோது வேறு யோசனை வந்தது. இங்கே நெரிசல் அதிகம். கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் இல்லை. ஜாக்கிரதையாக இருப்பது நல்லது. மூன்றைத் தள்ளி நான்கை எடுத்தேன். இரண்டு நாள் கழித்து, எதற்கும் இருக்கட்டும் என்று ஐந்து. கிருமி தப்பினால் உயிர் போகும், மருந்து கூடினால் மூக்குதான் சுளிக்கும். இரண்டு தவறில் எது பெரியது என்று எடை போட்டுத்தான் முடிவு செய்தேன். அந்த எடை போடுதலில் எனக்கு அன்றும் சந்தேகம் இல்லை, இன்றும் இல்லை. எடை போடாமல் எந்தச் சோதனைக்கும் முடிவு எழுத முடியாது. தராசில் எதை வைத்தேன், எதை வைக்கவில்லை என்பதுதான் விஷயம்.

நாலைந்து நாள் போயிருக்கும். மஸ்தூர் வாளியைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

“காலனில தண்ணி நாறுதுன்றாங்க சார்.”

“மருந்துன்னா நாறும். காலரா நாறாது. அவ்வளவுதான் வித்தியாசம்.”

“நான் சொல்லிட்டேன். அப்பால உங்க இஷ்டம் சார்.”

அவர் சிரித்தார். என் வாசகம் எனக்கே பிடித்திருந்தது. குறிப்புப் பகுதியில் ‘மக்களுக்கு அறிவுரை கூறப்பட்டது’ என்று எழுதினேன். எட்டாவது கட்டத்தில் ‘ஏற்கத்தக்கது’.

குடிக்காமல் எழுதினேன். மறைத்தேன் என்று சொல்ல முடியாது. மறைக்க வேண்டிய காரியம் என்றே தோன்றவில்லை. காலனியில் தண்ணீர் வாங்கிக் குடிக்கக் கூடாது என்று என் வீட்டில் யாரும் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்ல வேண்டுமென்றால், குடிக்கலாம் என்று முதலில் யாருக்காவது தோன்றியிருக்க வேண்டும். கிணற்றுக்குப் பத்தடி தள்ளி என் கால் தானாக நிற்கும். மஸ்தூர் தண்ணீர் மொண்டு வந்து கிண்ணங்களில் ஊற்றுவார். ஏழு கட்டங்களை யோசித்து நிரப்புவேன். எட்டாவதுக்கு வந்ததும் பேனா தானாக எழுதும்.

அந்தக் காலனியில் நடவுக்கு ஆள் சேர்த்துக்கொண்டு போகும் ஓர் அம்மாள் இருந்தார். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். நான் அவரை ‘நீ’ என்றுதான் பேசினேன். வயது அந்தக் கணக்கில் வராது. இப்போது எழுதும்போது ‘அவர்’ என்று எழுதுகிறேன். எனக்கு ஒரு செலவும் வைக்காத மரியாதை இது. புள்ளலூரில் கட்டிக்கொடுத்திருந்த மகள் தலைப்பிரசவத்துக்கு அவர் வீட்டுக்கு வந்திருந்தாள். நிறைமாதம். ஒரு நாள் நான் அரை மணி நேரம் காத்து உட்கார்ந்திருக்கும்போது அந்த அம்மாள் வந்து கேட்டார்.

“சாமி, இந்தத் தண்ணிய மாசமாகீற பொண்ணு குடிக்கலாமா? வாயில வெச்சாலே கொமட்டிக்கினு வருதுன்றா.”

“மாசமா இருக்கறவளுக்குச் சும்மாவே குமட்டும். இது நல்ல தண்ணி. சோதிச்சாச்சு.”

“நீங்க சொன்னா சரி சாமி.”

ஒரு வாரம் கழித்து மஸ்தூர் வந்து, அந்தப் பெண்ணுக்கு விடியற்காலையிலிருந்து பேதி, வண்டி கட்டி உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்றார். பெட்டியை எடுத்துக்கொண்டு நேரே காலனிக் கிணற்றுக்குப் போனேன். சோதித்தேன். மருந்து தேவைக்கு மேலேயே மிச்சம் இருந்தது. அந்தத் தண்ணீரில் எந்தக் கிருமியும் பிழைத்திருக்க வழியில்லை. எனக்கு மூச்சு வந்தது. ஒரு பெண் உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கும்போது எனக்கு வந்த அந்த நிம்மதியை இன்று வரை யாரிடமும் சொன்னதில்லை.

மாற்றுத் துணி எடுத்துப்போக அந்த அம்மாள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்திருந்தார். நல்ல செய்தியாகத்தான் சொன்னேன்.

“உங்க கிணத்துத் தண்ணியில ஒண்ணும் இல்லை. இப்பத்தான் பாத்தேன். வெளியில எங்கயாவது எதையாவது சாப்பிட்டாளா?”

“கெணத்துத் தண்ணிய யாரு குடிச்சா?”

எனக்குப் புரியவில்லை.

“எட்டு நாளா இங்க எவளும் அத்த வாயில வெக்கல. மாட்டுக்குக் காட்டுனா மாடே மூஞ்ச திருப்பிக்கினு போவுது. ஏரி மதவாண்ட குட்டையில கொஞ்சம் தண்ணி கீது. அத்தத்தான் மொண்டாந்து குடிக்கிறோம்.”

“அது மாடு கழுவற தண்ணி. என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொல்லலியா? உன் ஆளாண்ட சொன்னோம். உன்னாண்ட நானே வந்து சொன்னேன். நீ இன்னா சொன்ன? சோதிச்சாச்சுன்ன.” துணி மூட்டையைக் கீழே வைத்தார். “இன்னாத்த சோதிச்ச நீ? ஒரு வாய் குடிச்சிப் பாத்தியா?”

அன்றுதான் அவர் என்னை முதல்முதலாக ‘நீ’ என்றார். சொன்னதோடு நிற்கவில்லை. கிணற்றடிக்குப் போய்த் தாமே ஒரு வாளி இறைத்தார். ஓர் அலுமினியக் குவளையில் மொண்டு என் முகத்துக்கு நேரே நீட்டினார். காலனி ஜனம் மொத்தமும் வந்து நின்றுவிட்டது. வாங்கிக்கொண்டேன். தைரியம் என்று சொல்ல மாட்டேன். வாங்காமல் அங்கிருந்து நகர முடியாது என்று தெரிந்தது. முதல் வாய் தொண்டையை எரித்துக்கொண்டு இறங்கியது. இரண்டாவது வாய் இறங்கவில்லை. குனிந்து துப்பினேன்.

“சாமியும் மாசமா கீது போல,” என்றார் கூட்டத்தில் ஒரு கிழவர்.

யாரும் சிரிக்கவில்லை.

அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். குழந்தை இறந்து பிறந்தது.

மறுநாள் காலனிக் கிணற்றின் அளவை ஐந்திலிருந்து மூன்றாகக் குறைத்தேன். குட்டையைச் சுற்றி முள் வைத்து அடைக்கச் சொன்னேன். ஒரு வாரத்துக்குள் சுகாதார நிலையத்து டாக்டர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். நேர்மையான மனிதர், பஸ் டிக்கெட்டைக்கூடப் பத்திரப்படுத்தி வைப்பவர்.

“இன்ஃபெக்‌ஷன் இருக்கற ஏரியாவுல டோஸைக் குறைச்சிருக்கீங்க. என்ன காரணம்?”

“அஞ்சு கரண்டி போட்டா யாரும் குடிக்கறதில்லை சார். குட்டைக்குப் போயிடறாங்க.”

“அது வேற டிபார்ட்மெண்ட். நம்ம வேலை கிண்ணம் சொல்றதைச் செய்யறது. பாவ புண்ணியம் பார்த்தா ரீடிங் கெட்டுப்போகும்.”

“அஞ்சுன்னு கிண்ணம் சொல்லல சார். நான்தான் சொன்னேன். கோயில் தெருவுல மூணுன்னு சொன்னதும் நான்தான்.”

பதிவேட்டைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். அதற்கு முந்தைய இரவு நானே அதை முதல்முறையாக ஒரு வாசகனைப் போலப் படித்திருந்தேன். ஒரே தேதி, ஒரே கை, ஒரே மங்கல் நீலம். முதல் நாளை விட்டுவிட்டால், கோயில் தெரு: மூன்று, மூன்று, மூன்று, மூன்று. காலனி: நான்கு, நான்கு, ஐந்து, ஐந்து. ஒவ்வொரு பதிவுக்கும் என்னிடம் நல்ல காரணம் இருந்தது. வாடை பற்றிய புகார் இரண்டு இடத்திலிருந்தும் வந்தது. ஒரு தெருவில் அது தகவல், அளவைத் திருத்தினேன். மற்றதில் அது அறியாமை, அறிவுரை கூறினேன்.

டாக்டர் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார்.

“அந்தப் பொண்ணுக்குக் குட்டைத் தண்ணியாலதான் வந்ததுன்னு என்ன ஆதாரம்? குட்டையைச் சோதிச்சீங்களா?”

“இல்லை சார். அதுக்குள்ள அதுலயும் பவுடர் கொட்டிட்டோம்.”

“அப்ப நிரூபணம் இல்லை. ரிஜிஸ்டர் ரொம்ப நன்னா வெச்சிருக்கீங்க. இதையெல்லாம் எழுத்துல குடுத்து வைக்காதீங்க.”

அவர் சொன்னது முறைப்படி சரி. நிரூபணம் இல்லை. பக்கத்து ஊரிலிருந்து யாராவது கொண்டுவந்திருக்கலாம், பந்திச் சோறாக இருக்கலாம், ஈயாக இருக்கலாம். பல வருஷம் அந்த வாக்கியத்தில் நான் சாய்ந்துகொண்டிருந்தேன். பிறகு ஒரு நாள் வேறு ஒன்று உறைத்தது. ஒரு கிணற்றைச் சந்தேகிக்க எனக்கு ஒரு பேதி போதும். உடனே மருந்து கொட்டுவேன். என்னையே சந்தேகிக்க மட்டும் முழு நிரூபணம் கேட்டேன். எவ்வளவு ஆதாரம் போதும் என்ற கேள்விக்கும் கையேட்டில் அளவு இல்லை. அதையும் ஓர் ஆள்தான் முடிவு செய்கிறான், தனக்கு எது வலிக்கும் என்பதைப் பார்த்து.

டாக்டரோடு நான் வாதாடவில்லை. பாவ புண்ணியம் பார்த்ததால் ரீடிங் கெட்டது என்பது அவர் எண்ணம். பார்க்கவே இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் அது கெட்டது. ஆனால் அன்று எனக்கு இதை இப்படிச் சொல்லத் தெரியாது. சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆடியில் மறுபடி வாந்திபேதி பயம் வந்தது. காலனிக் கிணற்றடியில் பெட்டியைத் திறந்து, இந்தத் தடவை நானே வாளி இறைத்துக் கிண்ணங்களை நிரப்பினேன். அரை மணி நேரம் முடிந்து கிண்ணங்களில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருக்கும்போது அந்த அம்மாள் குடத்தோடு வந்து நின்றார். பங்குனிக்குப் பிறகு அன்றுதான் என்னிடம் பேசினார்.

“இன்னிக்கு எத்தினியாவது கிண்ணம் சாமி?”

‘சாமி’ திரும்பி வந்திருந்தது. ‘நீங்க’ வரவில்லை.

“மூணு மங்கலா இருக்கு, நாலு தெளிவா இருக்கு,” என்றேன். “மூணு போட்டா வாடை கம்மி, ஆனா கொஞ்சம் பயம் இருக்கு. நாலு போட்டா பயம் இல்லை, வாடை இருக்கும். இங்க எதைக் குடிப்பாங்க?”

அவர் குடத்தை வைத்துவிட்டுக் குனிந்தார். வெயிலுக்கு முகத்தைக் காட்டி ஒரு தடவை பார்த்தார். பிறகு, நான் ஒன்றும் சொல்லாமலே, சுற்றி வந்து முதுகைக் காட்டி ஒரு தடவை பார்த்தார்.

“மூணுல ஒண்ணியும் காணோம். நாலு போடு.”

“வாடை இருக்குமே.”

“இருக்கட்டும். மருந்து போட்டுட்டு ஓடாத. இங்கியே குந்திக்கினு இருந்து, நீ குடிச்சிட்டுப் போ. நீ குடிச்சா இவுளுங்க குடிப்பாளுங்க.”

நாலு கரண்டிக் கணக்கில் போட்டுவிட்டு, ஒரு மணி நேரம் அங்கேயே கல்லின் மேல் உட்கார்ந்திருந்தேன். அவர் மகள் புள்ளலூருக்குத் திரும்பிப் போய்விட்டாள் என்று மஸ்தூர் சொல்லியிருந்தார். எப்படி இருக்கிறாள் என்று கேட்க நினைத்தேன். கேட்கும் உரிமை எனக்கு இருப்பதாகத் தெரியவில்லை. நேரம் ஆனதும் அதே அலுமினியக் குவளையில் மொண்டு கொடுத்தார். வாடை இருந்தது. தொண்டையில் எரியவில்லை. கடைசிச் சொட்டு வரை குடிக்கிறேனா என்று பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு குவளையை வாங்கி, தாமும் ஒரு குவளை மொண்டு குடித்தார். குடத்தை நிரப்பிக்கொண்டு போனார். மற்றவர்கள் கயிற்றை எடுத்தார்கள்.

பதிவேட்டில் எட்டாவது கட்டத்தில் ‘வாடை உண்டு. குடித்தேன்’ என்று எழுதினேன். அடுத்த தணிக்கையில் ‘குடித்தேன்’ என்ற சொல்லின் கீழ் சிவப்பு மசியில் கோடு போட்டு, மாதிரிப் படிவத்தில் இல்லாத சொற்களைத் தவிர்க்கவும் என்று குறிப்பு வந்தது. குறிப்பு முறையானதுதான். அந்தச் சொல்லுக்குப் படிவத்தில் இடமில்லை. பணியில் இருந்தவரை அதையே எழுதினேன். ஒவ்வொரு தணிக்கையிலும் சிவப்புக் கோடு வந்தது.